எக்ஸ்5 வண்டிக்குப் பனிக்கால டயர்: 21 அங்குலமா, 19 அங்குலமா?

கேள்வி (மார்க்கம், ஒன்ராறியோ)

வணக்கம். என்னுடையது 2021ஆம் ஆண்டு பி.எம்.டபிள்யூ எக்ஸ்5 எக்ஸ்டிரைவ்40ஐ. வண்டியோடு வந்த ரிம்கள் 21 அங்குலம்; முன் டயர்கள் 275/40 (அகலம் 275 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதில் 40 சதவீதம்), பின் டயர்கள் 315/35. மாதம் இருமுறை மொன்றியல் போய்வருகிறேன். டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிக்கால டயர் கட்டாயம் என்ற கியூபெக் சட்டம் அங்கே பதிவான வண்டிகளுக்குத்தான் என்றாலும், சென்ற சனவரியில் 401 நெடுஞ்சாலையில் வழுக்கியதிலிருந்து சட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்க மனம் வரவில்லை. இதே அளவில் வாங்குவதா, 19க்கு இறங்குவதா? அண்ணரின் 2016 எக்ஸ்5 ரிம்கள் நான்கு, 19 அங்குலம், கராஜில் சும்மா கிடக்கின்றன. அவை பொருந்துமா?

பதில் (மொன்றியல்)

அண்ணரின் ரிம்கள் பொருந்தா. அந்தத் தலைமுறை எக்ஸ்5இல் ஐந்து போல்ட் துளைகள் 120 மி.மீ. வட்டத்தில் இருந்தன, உங்களுடையதில் அது 112 மி.மீ., நடுத்துளை 66.6 மி.மீ. இடையில் அடாப்டர் தட்டுப் போட்டுச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால், இரண்டு டன்னைத் தாண்டிய வண்டிக்கு அந்த யோசனையை நான் ஏற்கமாட்டேன்.

நான்கு சக்கரங்களுக்கும் 265/50 ஆர்19 என ஒரே அளவில் போடுவதே என் தெரிவு. உங்கள் முன் டயரின் விட்டம் கணக்குப்படி 753 மி.மீ., இதனுடையது 748 மி.மீ.; வித்தியாசம் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை என்பதால் வேகமானி பெரிதாக மாறாது. பின்னால் 315 அகலம் கோடைக்கு அழகுதான், ஆனால் சேற்றுப்பனியில் அகன்ற டயர் அதைக் கிழித்துத் தரையைப் பிடிப்பதற்குப் பதிலாக மேலே மிதக்கப் பார்க்கும். அதோடு முன்னும் பின்னும் ஒரே அளவாக இருந்தால், பருவத்துக்குப் பருவம் இடம் மாற்றிச் சீராகத் தேய வைக்கலாம். சுமை எண் 110க்குக் குறையாமல் பாருங்கள். அது ஒரு டயருக்கு 1060 கிலோ. பக்கவாட்டில், கடும்பனிக்கு ஏற்ற டயர் என்று காட்டும் மலைக்குள் பனிச்செதில் முத்திரையும் இருக்க வேண்டும்.

பதில் (ஸ்காபரோ)

வாங்குவதற்கு முன் பிரேக்கைப் பாருங்கள். காலிப்பர் (பிரேக் தட்டைப் பிடிக்கும் கவ்வி) நீல நிறமென்றால் அது எம் ஸ்போர்ட் என்ற பெரிய பிரேக். 18 அங்குலத்தை நினைக்கவே வேண்டாம். 19இலும் எல்லா ரிம்மும் இடம் கொடுக்காது. பள்ளம் விழுந்த தெருவில் என் 21 அங்குல ரிம் ஒன்று வளைந்த பிறகு, தடித்த பக்கச்சுவரின் அருமை எனக்குப் புரிந்தது.

கேட்டவர்

பார்த்தேன், நீலம்தான். இப்போது என்ன செய்வது?

பதில் (மொன்றியல்)

டயர் ஏற்றுவதற்கு முன்பே வெறும் ரிம்மை முன் அச்சில் மாட்டச் சொல்லி, போல்ட்டுகளை இறுக்கி, கையால் ஒரு முழுச்சுற்றுச் சுற்றிப் பாருங்கள். காலிப்பருக்கும் ரிம்மின் ஆரங்களுக்கும் இடையே எங்கும் உரசாமல் தெளிவான இடைவெளி தெரிய வேண்டும். தெரியாவிட்டால் 275/45 ஆர்20ஐ நான்கிலும் போடுங்கள். விலை கூடினாலும் 21ஐ விட மேல். காற்றழுத்த உணரிகளையும் சேர்த்தே வாங்குங்கள், இல்லையேல் குளிர்காலம் முழுவதும் எச்சரிக்கை விளக்கு எரியும். மாட்டி 100 கிலோமீட்டர் ஓடியதும் போல்ட்டுகளை 140 நியூட்டன் மீட்டரில் மறுபடி சரிபாருங்கள். புயலுக்குப் பின் ஸ்டியரிங் நடுங்கினால் பேலன்ஸிங் செய்ய ஓடாதீர்கள். ரிம்மின் உட்புறம் உறைந்திருக்கும் பனிக்கட்டியை முதலில் தட்டி எடுங்கள்.