புதுப்பிப்பு: முக வறட்சி, மூன்று வாரம் கழித்து

மார்கழிக் குளிரில் கன்னம் இரண்டும் மாவு பூத்தாற்போல் வெளுத்து உரிகிறது, என்ன செய்யலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் கடலை மாவில் எலுமிச்சைச் சாறு குழைத்துப் போட்டேன். வறண்ட தோல்காரர்கள் தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மூக்கோரம் திகுதிகுவென்று எரிந்து, இரண்டு நாள் சிவந்தே கிடந்தது. மாவு இருக்கிற எண்ணெய்ப் பசையையும் உறிஞ்சிவிடும். வெடித்த தோல் அந்தப் புளிப்பைத் தாங்காது.

கைகொடுத்தது தேங்காய் எண்ணெய்தான். ஆனால் தடவும் நேரம் முக்கியம். முன்பு காய்ந்த முகத்தில் தடவுவேன். பளபளத்ததே தவிர இழுப்பு போகவில்லை. இப்போது வெதுவெதுப்பான நீரில் கழுவி, துண்டால் ஒற்றி, ஈரம் இருக்கும்போதே நாலு சொட்டை உள்ளங்கையில் தேய்த்து முகத்தில் அழுத்தி வைக்கிறேன். எண்ணெய் தானாக ஈரம் தராது, இருக்கிற ஈரத்தைப் போகவிடாமல் பிடித்துவைக்கும். முகத்துக்குச் சோப்பையும் நிறுத்திவிட்டேன். ஐந்தாம் நாளே, சிரித்தால் கன்னம் இழுப்பது நின்றது. (பரு வருகிற முகம் என்றால் தேங்காய் எண்ணெய் வேண்டாம், துளையை அடைக்கும்.)

பாலாடை போடச் சொன்ன அக்காவுக்கு: வாரம் இருமுறை போடுகிறேன், மிருதுவாக இருக்கிறது. உதட்டோர வெடிப்பு மட்டும் இன்னும் ஆறவில்லை. அடுத்த வாரமும் இப்படியே இருந்தால் தோல் மருத்துவரிடம் காட்டப் போகிறேன்.