சென்னையில் பாதிப் பேருக்கு சுகரா? காரணம் சோறா, பரம்பரையா?

மாம்பலத்தான்:
நேற்றுக் காலை அம்மாவை லேபுக்குக் கூட்டிப்போனேன். வெறும் வயிற்றோடு வந்த கூட்டம், ஆளுக்கொரு இட்லி டப்பா. முதல் ரத்தம் கொடுத்ததும் சாப்பிட்டுவிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி கொடுக்கணுமே! பேச்சுக் கொடுத்தேன், பத்தில் ஆறு பேருக்கு சுகர். சென்னையில் பாதிப் பேருக்காவது இருக்கும். எல்லாம் இந்த வெள்ளை அரிசிச் சோற்றால் வந்த வினை.

கணக்குப்பிள்ளை:
சார், பஸ் ஸ்டாண்டில் நின்று எண்ணினால் ஊரில் எல்லோரும் வெளியூர் போகிறார்கள் என்றுதான் தோன்றும். லேபுக்கு யார் வருவார்கள்? சுகர் இருப்பவர், இருக்குமோ என்று பயப்படுபவர். ஆஸ்பத்திரிக் கணக்கு வேறு, ஊர்க் கணக்கு வேறு. சென்னை மக்களிடையே எடுத்த ஆய்வுகளில் 1989-இல் 8.3%, 2004-இல் 14.3%. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) ஆய்வு 2023-இல் வெளியானபோது தமிழ்நாடு 14.4%, நாடு முழுக்க 11.4%. பாதி எங்கே இருக்கிறது?

மாம்பலத்தான்:
சரி, அதே ஆய்வையே பார்ப்போம். சோறு தின்கிற கேரளாவில் 25.5%, ரொட்டி தின்கிற உத்தரப் பிரதேசத்தில் 4.8%. இதற்கென்ன சொல்கிறீர்கள்?

கணக்குப்பிள்ளை:
சண்டிகரை ஏன் விட்டுவிட்டீர்கள்? அங்கேயும் ரொட்டிதான், 20.4%. வசதி வந்து உடம்பு அசைவது குறைந்த இடமெல்லாம் ஏறியிருக்கிறது. குண்டான் சோறு நல்லதென்று நான் சொல்லவில்லை, பழியை அதன் தலையில் மட்டும் கட்டாதீர்கள்.

நைட்ஷிப்ட்:
இரண்டு பேருமே விட்டது பரம்பரை. சென்னையில் சுகர் டாக்டர் மோகன் குழு போட்ட அபாய மதிப்பெண் இருக்கிறதே, சுகர் வரும் வாய்ப்பைச் சொல்வது, அதில் என் கணக்கு இது. வயது 42, அதற்கு 20. அப்பா அம்மா இருவருக்கும் சுகர், 20. உடற்பயிற்சி கிடையாது, நாள் முழுக்க நாற்காலி, 30. இடுப்பளவு, பேண்ட் 34 இன்ச், அதாவது 86 செ.மீ., அதற்கு 0. மொத்தம் 70. தினமும் ஒழுங்காக நடந்தாலும் 10தான் குறையும். 60 வந்தாலே அபாயம் அதிகமாம். அப்புறம் எதற்கு நான் நடக்கணும்?

லேப் அக்கா:
தம்பி, பரம்பரை இல்லை என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் சென்னையில் 8.3% 14.3% ஆன அந்த 15 வருஷத்தில் ஊரின் பரம்பரையா மாறிவிட்டது? சுகர் இன்னும் வராமல் அதன் எல்லையில் இருந்த 531 பேரை வைத்து இங்கே நடந்த சோதனை ஒன்று 2006-இல் வெளியானது. வழக்கம்போல இருந்தவர்களில் மூன்று வருஷத்துக்குள் 55% பேருக்கு சுகர் வந்துவிட்டது. நடையும் சாப்பாடும் சரிசெய்தவர்களில் 39%. எல்லோரும் தப்பவில்லைதான். ஆனால் நூற்றுக்குப் பதினாறு பேர் வித்தியாசம் சின்னதா? தினமும் ஊசி குத்துகிற எனக்கு அது பெரிய எண்.

இன்னொன்று, பேண்ட் சைஸ் இடுப்பளவு ஆகாது. ஆண்கள் முக்கால்வாசிப் பேர் தொப்பைக்குக் கீழேதான் பேண்ட் போடுகிறீர்கள். டேப்பைத் தொப்புள் பக்கம் வைத்து, மூச்சை உள்ளே இழுக்காமல் அளந்து பாருங்கள்.

மாம்பலத்தான்:
பாதி என்று சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். சோறு விஷயத்தில் ஒரு அடிகூட நகரமாட்டேன்.

நைட்ஷிப்ட்:
அக்கா, வீட்டுத் தையல் டேப்பில் அளந்தேன். 101 செ.மீ. அதற்கு 20 மதிப்பெண்ணாம். 70 இல்லை, 90.