பழைய ஃபிளிப்பர் இயந்திரத்தின் ஆட்டப் பலகைக்கு எந்தக் கிளியர் கோட் பொருந்தும்?

உப்பளத்தான் கேட்டது:

வணக்கம். பிரெஞ்சு இராணுவத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற என் தாத்தா 1979-இல் புதுச்சேரிக்குத் திரும்பியபோது, கப்பலில் வந்த சாமான்களோடு சாய்ந்த பலகையில் எஃகுக் குண்டை ஓடவிட்டு ஆடும் ஒரு பின்பால் இயந்திரமும் வந்து இறங்கியது; காட்லீப் நிறுவனத்துடையது. பின்பாலைப் பிரான்சில் ஃபிளிப்பர் என்றுதான் சொல்வார்கள். அதுவரை சொல்தா (சிப்பாய்) வீடு என்றிருந்த எங்கள் வீடு அதன் பிறகு ஃபிளிப்பர் வீடு ஆகிவிட்டது. மின்னணுப் பலகை எதுவும் இல்லாமல், ரிலேயும் மணியும் காயிலுமாக ஓடும் பழைய வகை இயந்திரம் அது. பல ஆண்டுகள் மாடிப்படிக்குக் கீழே கிடந்ததை இப்போது வெளியே எடுத்து, ஒரு நண்பரின் துணையோடு மின் பகுதிகளை ஓட வைத்துவிட்டேன். ஆட்டப் பலகைதான் பாக்கி.

பலகை மேலிருந்த தூண்கள், ரப்பர் வளையங்கள், கம்பி வழிகள் எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொண்டு கழற்றியாயிற்று. ஏறத்தாழ 20 அங்குல அகலமும் 41 அங்குல நீளமும் உள்ள பிளைவுட். அதன் மேல் சில்க் ஸ்கிரீன் முறையில் அச்சிட்ட ஓவியம். அதற்கும் மேல் மெல்லிய லாக்கர். குண்டை அடிக்கும் மட்டைகளுக்கும் ஃபிளிப்பர் என்றே பெயர்; அந்த ஃபிளிப்பர்களுக்கு முன்னால் வண்ணம் தேய்ந்து மரம் தெரிகிறது. விளக்கு ஒளி மேலே வருவதற்காகப் பலகையில் பதித்திருக்கும் பிளாஸ்டிக் வில்லைகளில் மூன்று, நகத்தின் கனம் அளவுக்குக் கீழே இறங்கியிருக்கின்றன. ஒன்று விரலை வைத்து அழுத்தினால் அசைகிறது.

ஓவியத்தைக் காக்க மேலே ஒரு கிளியர் கோட், அதாவது நிறமற்ற பூச்சு, அடிக்க வேண்டும். எங்கள் தச்சர் மெலமைன் அடித்துத் தருகிறேன் என்கிறார். பெயிண்ட் கடையில் டச்வுட் போதும் என்கிறார்கள். கார் பட்டறை வைத்திருக்கும் உறவினர், ஹார்டனர் கலந்து அடிக்கும் டூ-கே கிளியரைத் தவிர வேறு எதையும் தொடாதே என்கிறார். மூவரில் ஒருவரும் பின்பால் இயந்திரத்தைப் பார்த்ததில்லை என்பதால் இங்கே கேட்கிறேன். கிறிஸ்துமசுக்குப் பாரிசிலிருந்து அத்தை குடும்பத்தோடு வருகிறார். அதற்குள் முடித்துவிட முடியுமா என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

வில்லியனூர் தச்சன் எழுதியது:

நானும் தச்சுத் தொழிலில் இருப்பவன்தான். உங்கள் தச்சரைக் குறை சொல்ல மாட்டேன். கதவுக்கும் கட்டிலுக்கும் மெலமைன் நல்ல பூச்சு. ஆனால் அது அமிலம் கலந்து இறுகும் பூச்சு. கடினமாக இருக்கும், வளைந்து கொடுக்காது. உங்கள் பலகையில் மரமும் பிளாஸ்டிக்கும் அடுத்தடுத்து இருக்கின்றன. மழைக்காலத்தில் மரம் ஈரத்தை வாங்கி உப்பும், கோடையில் சுருங்கும். பிளாஸ்டிக் அந்த அளவுக்கு அசையாது. இரண்டும் சேரும் வட்டக் கோட்டில்தான் மெலமைன் முதலில் வெடிக்கும். அதன் மேல் 27 மில்லிமீட்டர் விட்டமும் 80 கிராம் எடையும் உள்ள எஃகுக் குண்டு ஓயாமல் உருண்டால், வெடித்த இடம் சில்லுச் சில்லாகப் பெயரும்.

டச்வுட் போன்ற ஒரே டப்பாவில் வரும் பி.யூ. (பாலியுரேத்தேன்) பூச்சுகளைத் தூரிகையால் அடித்துவிடலாம் என்பது உண்மை. ஆயினும் அவற்றில் உள்ள எண்ணெய்த் தன்மையால் நாளடைவில் மஞ்சள் ஏறும். தேக்குக் கதவில் அந்த மஞ்சள் அழகு. வெள்ளையும் இளநீலமும் உள்ள ஓவியத்தின் மேல் அது பழைய பத்திரத்தின் நிறத்தைக் கொடுத்துவிடும்.

என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை என்றாலும், யாராவது சொல்லக்கூடும் என்பதால் என் அனுபவத்தை எழுதிவைக்கிறேன். நவம்பர் மாதத்தில், மழை விட்ட இடைவெளியில், அவசரத்துக்கு ஒரு கேரம் பலகைக்கு லாக்கர் அடித்தேன். தின்னர் ஆவியாகும்போது பலகையின் மேற்பரப்பு குளிர்ந்து, காற்றில் இருந்த ஈரம் அதன் மேல் இறங்கிவிட்டது. கால்மணி நேரத்தில் பலகை முழுவதும் பால் தெளித்ததுபோல் வெளுத்துப் பூத்துவிட்டது. மெதுவாக உலரும் தின்னரை மேலே தெளித்து ஒருவாறு சரிசெய்தேன் என்றாலும், அன்றிலிருந்து ஐப்பசி, கார்த்திகையில் நான் ஸ்ப்ரே கன்னைத் தொடுவதில்லை.

எந்தப் பூச்சு என்று முடிவு செய்வதற்கு முன்னால் அந்த அசையும் வில்லையைக் கவனியுங்கள். அதை அப்படியே விட்டுவிட்டு மேலே எதை அடித்தாலும், ஒரு மாதத்தில் அதைச் சுற்றி நிலாவைச் சுற்றிக் கோட்டை கட்டியதுபோல் வெள்ளை வளையம் தெரியும். ஹேர் டிரையரால் மிதமாகச் சூடேற்றி, அடியிலிருந்து மரக்கட்டையால் மெல்லத் தள்ளி மேற்பரப்போடு சமமாக்கி, தட்டையான கட்டையும் கிளாம்பும் வைத்து இறுக்கி, பின்பக்கத்திலிருந்து எப்பாக்சி ஊற்றி ஒரு நாள் விடுங்கள். சமமாகிவிட்டதா என்று கண்ணால் பார்க்காமல், நகத்தைக் குறுக்கே இழுத்துப் பாருங்கள். நகம் தட்டினால் குண்டும் தட்டும்.

மஞ்சக்குப்பம் பட்டறை எழுதியது:

கார் பெயிண்டிங் செய்பவன் என்ற முறையில், உங்கள் உறவினர் சொன்ன டூ-கே பி.யூ. கிளியர்தான் சரி என்பது என் கருத்து. அமெரிக்காவில் பின்பால் பலகைகளைப் புதுப்பிப்பவர்களில் பலரும் அதையே பயன்படுத்துகிறார்கள். பின்பால் இயந்திரங்களைத் தயாரித்த வில்லியம்ஸ் நிறுவனமும் 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தன் புதிய பலகைகளுக்குப் பழைய லாக்கரை விட்டுவிட்டு யுரேத்தேன் வகைப் பூச்சுக்கு மாறியது. அது கடினமாகவும் இருக்கும், ஓரளவு வளைந்தும் கொடுக்கும், மஞ்சளும் எளிதில் ஏறாது, பாலிஷும் நன்றாக ஏற்கும். ஆனால் காருக்கு அடிப்பதுபோல் இதற்கு அடித்தால் பலகை கெட்டுவிடும் என்பதால் வரிசையைச் சொல்கிறேன்.

முதலில், அந்தப் பலகையின் மேல் இத்தனை ஆண்டுகளில் பூசிய மெழுகும் எண்ணெயும் முழுவதும் போக வேண்டும். பெயிண்ட் கடையில் கிடைக்கும் வேக்ஸ் ரிமூவரைத் துணியில் நனைத்து, ஒரு துணியால் துடைத்து, ஈரம் காய்வதற்குள் இன்னொரு சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள். சிலிக்கான் கலந்த டேஷ்போர்டு பாலிஷ் எதையாவது யாராவது எப்போதாவது தடவியிருந்தால், கிளியர் அந்த இடத்தில் ஒட்டாமல் விலகி மீன் கண் போன்ற குழிகளாக நிற்கும். நீங்கள் இருக்கும் உப்பளம் பகுதி கடலுக்குப் பக்கம் என்பதால் உப்புப் படலத்துக்கு முதலில் ஒருமுறை ஈரத்துணி போடுவதும் நல்லது.

அடுத்து, ஓவியத்தை நேராக உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். முதலில் மிக மெல்லிய பனிபோல் ஒரு கோட், பிறகு சாதாரணமாக ஓரிரு கோட் அடித்து இறுக விடுங்கள். கனமாகத் தொடங்கினால் டூ-கே தின்னர் பழைய லாக்கரைக் கிளறிச் சுருக்கிவிடும். அந்த முதல் அடுக்கை 600 உப்புத்தாளில் தண்ணீர் விட்டுச் சமமாக்கிய பிறகுதான் தேய்ந்த இடங்களுக்கு வண்ணம் தீட்ட வேண்டும். அப்போது அக்ரிலிக் வண்ணத்தில் கை தவறினாலும் கீழே உள்ள மூல ஓவியத்துக்குச் சேதம் வராமல் துடைத்துவிடலாம். வில்லை மேல் எழுத்து அழிந்திருந்தால் நீரில் ஊறவைத்து ஒட்டும் டெக்கலையும் இந்தக் கட்டத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள். வண்ணம் சில நாள் காய்ந்த பின், இறுதிக் கோட்டுகள் இரண்டோ மூன்றோ. அதற்கு மேல் போகாதீர்கள். கண்ணாடிபோல் கனமாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு அடுக்கிக்கொண்டே போனால், ஒவ்வொரு துளையின் விளிம்பிலும் கிளியர் தேங்கி, தூணைத் திருகும்போது அந்த விளிம்பு சில்லாகப் பெயரும்.

வீட்டு மாடியில் அடிக்கலாமா என்று நீங்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: கூடாது. ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. அது நுரையீரலைப் பாதித்து ஆஸ்துமாவை வரவழைக்கும். ஒருமுறை உடம்புக்கு ஒவ்வாமல் போனால் பிறகு சிறிதளவு பட்டாலும் மூச்சு இழுக்கும். மணம் தெரியும் முன்பே தீங்கு செய்யக்கூடியது என்பதால் வாசனை வரவில்லை என்று நம்பி இருந்துவிட முடியாது. வெளிக்காற்றைக் குழாய் வழியாகக் கொண்டுவரும் முகமூடியும் காற்றை உறிஞ்சி வெளியே தள்ளும் பூத்தும் உள்ள பட்டறையில் கொடுங்கள். துணி மாஸ்க்கைக் கட்டிக்கொண்டு அடிப்பவரிடம் கொடுக்காதீர்கள். அது அவருக்கும் நல்லதல்ல.

கிறிஸ்துமசுக்குள் முடியாது. டிசம்பரில் நம் கரையோரக் காற்றில் உள்ள ஈரத்துக்கு ஹார்டனர் கிளியரோடு சேர்வதற்குப் பதிலாகத் தண்ணீரோடு சேர்ந்து நுண்ணிய குமிழிகளைக் கிளப்பும். பொங்கல் கழித்து, தை கடைசியிலோ மாசியிலோ, பனி விலகிய பின், பிற்பகலில் கடற்காற்று உள்ளே வருவதற்கு முன்னால் ஒரு மூன்று மணி நேரம் கிடைக்கும். கம்ப்ரசர் தொட்டியில் தேங்கிய தண்ணீரை அன்று காலையிலேயே திறந்து விட்டுவிடச் சொல்லுங்கள். பாதிக் குறைக்கு அந்தத் தண்ணீர்தான் காரணம்.

முதுநகர்வாசி எழுதியது:

மேலே உள்ளவர்கள் சொன்னதில் தவறு இல்லை. ஆனால் இயந்திரத்துக்குப் பூச்சு வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லையே? இக்காலத்து இயந்திரங்களில் பலகை ஏறத்தாழ ஆறரை டிகிரி சாய்வில் இருக்கும்; உங்களுடையதுபோன்ற பழைய வகை மூன்றரை டிகிரி அளவில்தான் இருக்கும். அதன் ஃபிளிப்பர்களுக்கும் அவ்வளவு வலு கிடையாது. குண்டு மெதுவாக ஓடும், தேய்மானமும் குறைவு. வீட்டில் வாரத்துக்கு நாலு ஆட்டம் ஆடப்போகிறவர்களுக்கு, தேய்ந்த இடத்தை மட்டும் தீட்டி, கார்னாபா மெழுகைத் தேய்த்து, ஆண்டுக்கு இரண்டு முறை மெழுகு மாற்றினாலே போதும். மெழுகை எப்போது வேண்டுமானாலும் துடைத்தெடுக்கலாம். டூ-கே அப்படி அல்ல. பிடிக்கவில்லை என்றால் ஓவியத்தோடு சேர்த்துத்தான் எடுக்க முடியும்.

ஒரு மனக்குறையையும் சேர்த்துச் சொல்கிறேன். என்னிடம் இருந்த ஒரு பலகையை ஒரு பட்டறையில் கொடுத்தேன். மூன்றாம் நாளே பாலிஷ் போட்டு, இறுகிவிட்டது என்று கையில் கொடுத்தார்கள். நான் அன்றிரவே தூண்களைத் திருகினேன். ஒரு வாரம் கழித்து ஒரு தூணைக் கழற்றியபோது, வாஷரின் வட்டம் கிளியரில் முத்திரைபோல் பதிந்திருந்தது. ஒரு ஓரம் வாஷரோடு ஒட்டிக்கொண்டு மேலே வந்தது. அவசரப்பட்டதில் என் பங்கும் இருக்கிறது.

மஞ்சக்குப்பம் பட்டறை எழுதியது:

முதுநகர்வாசி ஐயா சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். மரம் தெரியாத பலகை என்றால் நானும் மெழுகு போதும் என்றுதான் சொல்வேன். ஆனால் இவர் பலகையில் வண்ணம் போய் மரமே தெரிகிறது. புதிதாகத் தீட்டும் அக்ரிலிக் மேல் வெறும் மெழுகு தாங்காது. குண்டு அதே தடத்தில் மீண்டும் தேய்த்துவிடும்.

இறுகும் காலத்தைப் பற்றி: தொட்டால் ஒட்டாமல் இருப்பதற்கு ஒரு நாள், பாலிஷ் தாங்குவதற்கு ஒரு வாரம், தூணும் வாஷரும் அழுத்துவதற்கு மூன்று முதல் நான்கு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் பின் ஒவ்வொரு துளையிலும் தேங்கிய கிளியரை, டிரில் இயந்திரம் இல்லாமல், துளையின் வாயைச் சரிவாக்கும் கவுண்டர்சிங்க் பிட்டைக் கையால் சுற்றி வழித்து எடுத்துவிட்டு, திருகின் நுனியில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துக் கையால் முடுக்குங்கள். குண்டு பட்டுப் பட்டுச் சிறு பள்ளங்கள் விழத்தான் செய்யும்; பள்ளம் விழுவது மரத்தில், பூச்சில் அல்ல. புத்தம் புதிய இயந்திரத்திலும் அது உண்டு.

உப்பளத்தான் எழுதியது:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. அசையும் வில்லையை முதலில் பார்க்கச் சொன்னபடி, அதை எப்பாக்சி வைத்து இறுக்கிவிட்டேன், அதில் நகம் தட்டவில்லை. கீழே இறங்கிய மூன்றில் இரண்டு ஒழுங்காக மேலே வந்தன. மூன்றாவதன் ஓரம் இன்னும் தலைமுடி அளவு தாழ்வாக இருக்கிறது. அதை முதல் அடுக்கு கிளியரே நிரப்பிவிடும் என்று உறவினர் சொல்கிறார்.

முதுநகர்வாசி ஐயாவின் கேள்வி இரண்டு நாள் என்னைத் தூங்கவிடவில்லை. இறுதியில் ஒரு சோதனை செய்தேன். பலகையின் மேற்பரப்பில், ஆடுபவர் நிற்கும் பக்கத்து ஓரத்தில், ஆட்ட விதி அட்டைகள் உள்ள இரும்புத் தகட்டுக்குக் கீழே மறைந்துபோகும் ஒரு சாண் இடத்தில் ஓவியத்தின் நீலம் கொஞ்சம் நீண்டு வருகிறது. மழை இல்லாத ஒரு காலையில் உறவினரின் பட்டறையில் அந்த இடத்தில் மட்டும், சுற்றிலும் காகிதம் ஒட்டிவிட்டு, ஒரு பாதிக்கு மெல்லிய கோட்டும் மறு பாதிக்கு நேராகக் கனமான கோட்டும் அடித்துப் பார்த்தோம். மெல்லிய பக்கம் அப்படியே இருக்கிறது. கனமான பக்கத்தில் நீலத்தின் ஓரம் காய்ந்த வெற்றிலையின் நரம்புபோல் சுருங்கிவிட்டது. அந்தச் சுருக்கம் நடுப்பலகையில் வந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை.

ஆகவே மாசியில், மெல்லிய கோட்டாகத் தொடங்கி, டூ-கே அடிப்பதாக முடிவு. அத்தை வரும்போது பழைய தூண்களைத் தற்காலிகமாகப் பொருத்தி, வண்ணம் தீட்டாத பலகையிலேயே ஆட்டம் நடத்திக்கொள்கிறோம். சிறு வயதில் அவர் ஆடித் தேய்த்த இடம்தானே அது.