ஓபன்ஸ்ட்ரீட்மேப்: எங்கள் கண்மாயைப் புதர்க்காடு என்று மாற்றியிருக்கிறார்கள், என்ன செய்வது?

கேட்டவர்: கரைமேட்டான்

வணக்கம். எனக்குக் காளையார்கோவில் பக்கம் சின்ன ஊர். வேலை மதுரையில். ஊருக்குப் போகும்போதெல்லாம், யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் எங்கள் சுற்றுவட்டாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி வருகிறேன். ரேஷன் கடை, பால் சொசைட்டி, அய்யனார் கோவில், பஸ் நிற்கும் இடம் எல்லாம் ஆகிவிட்டது. நடக்கும்போது ஸ்ட்ரீட் கம்ப்ளீட் செயலி, உட்கார்ந்து வரைய ஐடி எடிட்டர்.

சிக்கல் கண்மாயில். போன வருஷம் அதை நீர்நிலை என்று வரைந்து வைத்திருந்தேன். இப்போது பார்த்தால் யாரோ அதைப் புதர்க்காடு என்று மாற்றி, நட்டநடுவே ஒரு வண்டிப்பாதையும் போட்டிருக்கிறார். செயற்கைக்கோள் படத்தைப் பார்த்தால் அவரைக் குறை சொல்லவும் முடியவில்லை. கோடையில் எடுத்த படம் போலிருக்கிறது. சொட்டுத் தண்ணீர் இல்லை, உள்வாய் (தண்ணீர் தேங்கும் பகுதி) முழுக்கச் சீமைக்கருவேலம். ஆனால் நல்ல மழை பெய்த கார்த்திகையில் அந்த வண்டிப்பாதை மேல் ஆள் முங்கும்.

நான் பாட்டுக்குப் பழையபடி மாற்றிவிடலாமா? இன்னொன்று: பக்கத்து ஊர்க் கண்மாய்கள் சிலவற்றின் பெயர் கூகுளில் இருக்கிறது, வி.ஏ.ஓ. ஆபீசில் கிராம வரைபடமும் இருக்கிறது. பார்த்து எழுதினால் வேலை சீக்கிரம் முடியும். செய்யலாமா?

பதில்: மறுகால்

தம்பி, உடனே மாற்றிவிடாதீர்கள். நீங்கள் மாற்ற, அவர் திரும்ப மாற்ற, அப்புறம் அதற்கு முடிவே இருக்காது. அந்தக் கண்மாயைத் தேர்ந்தெடுத்து வரலாற்றைப் பாருங்கள்; யார், எந்தத் தொகுப்பில் (ஒரே தடவையில் சேமித்த திருத்தங்கள்) மாற்றினார் என்று வரும். அந்தத் தொகுப்பின் கீழேயே கருத்து எழுதலாம். 'இது பாசனக் கண்மாய், வருஷத்தில் சில மாதம் தண்ணீர் நிற்கும், நான் உள்ளூர்க்காரன்' என்று இரண்டு வரி போதும். அவர் எந்த நாட்டுக்காரரோ, அதனால் ஆங்கிலத்தில் எழுதுங்கள். கொஞ்ச நாள் பொறுத்தும் பதில் இல்லையென்றால் திருத்திவிட்டு, ஏன் திருத்தினீர்கள் என்பதையும் எழுதி வையுங்கள்.

புதரா தண்ணீரா என்று சண்டையே தேவையில்லை, இரண்டும் இருக்கலாம். வெளி எல்லையை நீர்த்தேக்கம் என்று வைத்து, 'இன்டர்மிட்டென்ட்' (சில காலம் மட்டும் தண்ணீர் நிற்பது) என்ற கட்டத்தில் ஆம் கொடுங்கள். அப்போது வரைபடத்தில் முழு நீலமாக இல்லாமல் கோடு போட்ட நீலமாகத் தெரியும். கருவை மண்டிய இடத்தை அதற்குள்ளேயே தனி உருவாக வரையலாம். அந்த வண்டிப்பாதையையும் அவசரப்பட்டு அழிக்காதீர்கள். கோடையில் கரிமூட்டத்துக்கு விறகு ஏற்றும் டிராக்டர் அதில் போகிறது என்றால் அது உள்ள பாதைதான். பருவத்தில் மட்டும் என்று குறித்தால் போதும்.

எல்லையை எங்கே போடுவது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. தண்ணீர் இன்றைக்கு நிற்கும் இடத்தில் அல்ல, நிறைந்தால் எது வரை ஏறுமோ அங்கே போட வேண்டும். கரைப்பக்கம் இதில் குழப்பம் வராது. எதிர்ப்பக்கம் தரை மெல்ல உயர்ந்து வயலோடு கலந்துவிடும், அங்கே எந்தப் படமும் உதவாது. உங்கள் ஊரில் நீர்பாய்ச்சி (மடை திறந்து வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுபவர்) இன்னும் இருந்தால் அவரோடு நடந்து பாருங்கள். இல்லையென்றால் உள்வாயில் ஆடு மேய்க்கிறவர்கள் சொல்வார்கள். பரமக்குடிப் பக்கம் நான் வரைந்த கண்மாய்களில் பாதி எல்லை ஆட்டுக்காரர்கள் சொன்னதுதான்.

கண்மாயை மட்டும் வரைந்துவிட்டு விட்டுவிடாதீர்கள். தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால், வயலுக்குத் திறந்துவிடும் மடை, நிறைந்தால் வழியும் கலுங்கு, வழிந்த தண்ணீர் போகும் மறுகால் இவை இல்லாத கண்மாய் வெறும் நீலத் திட்டு. மடைக்கு மதகு என்ற குறி இருக்கிறது, கலுங்குக்குத் தடுப்பணை என்ற குறி. கால்வாயைத் தண்ணீர் ஓடும் திசையிலேயே வரைய வேண்டும். எடிட்டரில் கோட்டின் மேல் அம்புக்குறி தெரியும். நம் சமவெளியில் எந்தப் பக்கம் சரிவு என்று கண்ணால் சொல்ல முடியாது, எனவே மழை நாளில் ஒரு நடை போய் வாருங்கள். மேல் கண்மாய் மறுகால் பாய்ந்து கீழ்க் கண்மாய் நிறையும் வரிசை முழுவதும் வரைபடத்தில் வந்துவிட்டால், எங்கே அடைத்திருக்கிறார்கள் என்பது தானாகத் தெரியும். தமிழ்நாட்டில் ஏரி, கண்மாய் சுமார் 39,000 என்பார்கள். அவற்றில் எத்தனைக்கு மடை குறித்திருக்கிறது என்று தேடிப் பாருங்கள், வருத்தமாக இருக்கும்.

கூகுளைப் பார்த்து எழுதக் கூடாது. பெயர் ஒன்றே ஒன்று என்றாலும் கூடாது. ஓபன்ஸ்ட்ரீட்மேப் தரவு ஓடிபிஎல் என்ற திறந்த உரிமத்தில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் எடுத்து வியாபாரத்துக்கே பயன்படுத்தலாம். அனுமதியில்லாத இடத்திலிருந்து எடுத்ததை அதில் கலந்தால் பிறகு மொத்தமாக அழிக்க வேண்டி வரும். கிராம வரைபடமும் அதே கதைதான், திறந்த உரிமத்தில் வெளியிட்டதாக எழுத்தில் இல்லாதவரை தொட வேண்டாம். கரையில் இருக்கும் பெயர்ப்பலகையைப் படித்து எழுதலாம், அது கள ஆய்வு. ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலம், 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் நீர்வளத் துறைக் கண்மாய், கீழே என்றால் பெரும்பாலும் ஊராட்சி ஒன்றியக் கண்மாய். பராமரிப்பவர் என்ற கட்டத்தில் அதையும் போடுங்கள்.

பழைய ஆதாரம் வேண்டுமென்றால் ஒரு நல்ல வழி இருக்கிறது. 1950களில் அமெரிக்க ராணுவ வரைபடப் பிரிவு இந்தியாவுக்கு 1:2,50,000 அளவில் தாள்கள் வெளியிட்டது. காப்புரிமை இல்லாதவை, டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகத்தின் தளத்தில் கிடைக்கும். சின்ன ஊருணியெல்லாம் தெரியாது, பெரிய கண்மாய்கள் தெரியும்.

பதில்: தூரத்து வரைவாளன்

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நானும் வீட்டில் உட்கார்ந்து படத்தைப் பார்த்து வரைகிறவன்தான். உள்ளூரில் ஆள் இல்லாத ஊர்களுக்கு எங்களை விட்டால் யார் வரைவார்கள்? 2010இல் ஹைட்டி நிலநடுக்கத்தின்போது போர்ட்-ஓ-பிரின்ஸ் தெருக்களைச் சில நாள்களில் வரைந்து கொடுத்தவர்களில் பெரும்பாலோர் அந்த நாட்டை நேரில் பார்த்தவர்கள் இல்லை. உங்கள் கண்மாயை மாற்றியவர் கெட்ட எண்ணத்தில் செய்திருக்க மாட்டார். குறிப்பு எதுவும் இல்லாத நீர்நிலை, படத்திலோ முள்காடு. நானாக இருந்தாலும் மாற்றியிருப்பேன்.

நீங்கள் வரையும்போது ஆதாரம் என்ற இடத்தில் 'நேரில் பார்த்தது' என்று எழுதுங்கள். அதைப் பார்த்தால் எங்களைப் போன்றவர்கள் கை வைக்கத் தயங்குவார்கள். அப்புறம் பிங், ஈஸ்ரி இரண்டு செயற்கைக்கோள் படத்தையும் மாற்றிப் பாருங்கள். எடுத்த காலம் வேறு வேறு, ஒன்றில் தண்ணீர் இருக்கலாம். ஆனால் இரண்டும் ஒன்றுக்கொன்று சில மீட்டர் தள்ளி உட்காரும். கரையில் நடந்த ஜிபிஎஸ் தடத்தோடு படத்தைப் பொருத்திவிட்டு வரையுங்கள்.

பதில்: வடபழனி வாசி

சென்னையிலிருந்து எழுதுகிறேன். 2015 டிசம்பர் வெள்ளத்தில் எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று மக்களே குறிக்க ஒரு வரைபடம் வந்ததே, அது ஓபன்ஸ்ட்ரீட்மேப் தெருக்களின் மேல்தான் ஓடியது. அதைப் பார்த்துத்தான் எனக்கு இந்தப் பழக்கம் தொற்றியது. ஒரு சந்தேகம், கேள்வியோடு ஒட்டியதுதான். நுங்கம்பாக்கத்தில் லேக் ஏரியா என்று பெயர் மட்டும் மிச்சம், தி.நகர் இருப்பதே பழைய ஏரியில். இப்படி ஒரேயடியாகப் போன ஏரிகளை வரையலாமா? கோபத்தில் ஒருமுறை வரையத் தோன்றியது.

பதில்: மறுகால்

வரையக் கூடாது அம்மா. இந்த வரைபடத்தில் இன்றைக்குத் தரையில் இருப்பதற்குத்தான் இடம். போனவற்றுக்கு ஓபன்ஹிஸ்டாரிக்கல்மேப் என்று தனியாக ஒன்று நடக்கிறது. எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை இருந்தது என்று குறித்து அங்கே வரையலாம். தம்பியின் கண்மாய் கதை வேறு. அது காய்ந்திருக்கிறதே தவிர, கரை இருக்கிறது, மடை இருக்கிறது, மழை வந்தால் தண்ணீரும் வரும்.

பதில்: கரைமேட்டான்

எல்லோருக்கும் நன்றி. மாற்றியவருக்கு எழுதினேன், ஜெர்மனிக்காரர். மறுநாளே மன்னிப்புக் கேட்டுப் பதில் போட்டார். மழைக்காலத்தில் எடுத்த போட்டோ ஒன்றையும் கேட்டு வாங்கிக்கொண்டார். நீர்த்தேக்கம், இன்டர்மிட்டென்ட், உள்ளே புதர் என்று இருவரும் பேசி வைத்துவிட்டோம். வண்டிப்பாதை இருக்கிறது. ஊர்ப் பெரியப்பா ஒருவரோடு கரையில் நடந்ததில், மூன்று மடை என்று நினைத்த இடத்தில் நான்காவது ஒன்று கருவைக்குள் புதைந்து கிடப்பது தெரிந்தது. அதில் தண்ணீர் வந்து ரொம்ப காலம் ஆயிற்றாம். அதையும் குறிக்கலாமா? கலுங்கு நல்ல நீளம், அதைப் புள்ளியாகப் போடுவதா கோடாகவா?

பதில்: மறுகால்

கலுங்கைக் கோடாகவே போடுங்கள், மறுகால் அதை வெட்டிச் செல்கிற மாதிரி. இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒரு பொதுப் புள்ளி இருக்கட்டும். புதைந்த மடையையும் குறியுங்கள், பயன்பாட்டில் இல்லை என்ற முன்னொட்டோடு. கல் கட்டுமானம் கண்ணுக்குத் தெரிகிற வரை அது இருக்கிற பொருள்தான். போட்டோ எடுத்தால் விக்கிமீடியா காமன்ஸில் ஏற்றி அந்தப் புள்ளியோடு இணைத்துவிடுங்கள், ஜெர்மனிக்காரர் இன்னொருமுறை கேட்க வேண்டியிருக்காது.