மடிக்கணினியைத் தொலைக்காட்சியில் இணைத்தபின் படத்தின் ஓரம் வெட்டுப்படுகிறது

கொக்குவில் வாத்தியார்:

வணக்கம். ஓய்வுபெற்ற கணித ஆசிரியரான எனக்குக் கணினி ஓரளவுதான் கைவரும் என்பதால், சற்று விரிவாகவே கேட்கிறேன். கண்புரைச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட என் தாயார், நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாளும் நேரலையை மடிக்கணினியின் சிறிய திரையில் பார்த்துச் சிரமப்படுவதால், அதை முன்னறையில் உள்ள 43 அங்குலத் தொலைக்காட்சியுடன் எச்.டி.எம்.ஐ. கேபிள் மூலம் இணைத்தேன். படம் வருகிறது. ஆனால் திரையின் நான்கு ஓரங்களும் வெட்டுப்பட்டு, கீழே இருக்கும் மணிக்கூடும் பட்டியும் பாதியாகத் தெரிகின்றன. எழுத்துகள் பனிமூட்டத்துக்குள் இருப்பதுபோல் மங்கலாக இருக்கின்றன. சத்தமோ இன்னமும் மடிக்கணினியில் இருந்துதான் வருகிறது. பட்டணத்தில் ஒரு கடையில் கேட்டபோது, தங்கமுலாம் பூசிய விலைகூடிய கேபிள் வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்றார்கள். வாங்குவதற்கு முன்னர் உங்களிடம் ஒருதரம் கேட்கலாம் என்று தோன்றியது. கணினியில் இருப்பது விண்டோஸ் 10. அதன் திரை 1366 × 768 புள்ளிகள், தொலைக்காட்சி 1920 × 1080 புள்ளிகள்.

சுன்னாகம் தம்பி:

ஐயா, சத்தத்தை முதலில் முடித்துவிடுவோம். மடிக்கணினித் திரையின் வலது கீழ்மூலையில் உள்ள ஒலிபெருக்கிக் குறியை அழுத்தினால், மேலே ஒலிச்சாதனத்தின் பெயரும் அதன் பக்கத்தில் ஒரு சிறிய அம்புக்குறியும் தெரியும். அந்த அம்புக்குறியைத் தட்டி, வரும் பட்டியலில் உங்கள் தொலைக்காட்சியின் பெயரைத் தெரிவுசெய்யுங்கள். எச்.டி.எம்.ஐ. கேபிள் படத்தையும் ஒலியையும் ஒன்றாகவே கொண்டுபோகும் என்பதால், ஒலிக்கென்று வேறு வயர் தேவையில்லை.

திருத்தகம்:

கேபிளை வாங்க வேண்டாம், ஐயா. எச்.டி.எம்.ஐ. வழியே போவது எண்களாக மாற்றப்பட்ட தகவல். அது சரியாகப் போய்ச் சேர்ந்தால் படம் முழுமையாக வரும், சேராவிட்டால் படம் விட்டுவிட்டு வரும், புள்ளிகள் மின்னும், அல்லது திரை கறுத்துப்போகும். எழுத்தை மட்டும் மெல்ல மங்கலாக்குவதோ, ஓரத்தை மட்டும் ஒரே அளவாக வெட்டுவதோ கேபிளால் ஆகாத காரியம். தங்கமுலாம் துருப்பிடிப்பதைத் தடுக்கும். கடற்காற்று அடிக்கும் எங்கள் ஊரில் அது பயனற்றது என்று சொல்லமாட்டேன், ஆனால் உங்கள் குறைக்கு அது மருந்தல்ல.

ஓரம் வெட்டுப்படுவது தொலைக்காட்சியின் வேலை. பழைய குழாய்த் தொலைக்காட்சிகளில் படத்தின் விளிம்பு நேராக நில்லாது என்பதால், படத்தைச் சற்றுப் பெருப்பித்து, விளிம்பைச் சட்டத்துக்குப் பின்னால் மறைத்துவிடுவார்கள். குழாய் போய்த் தட்டைத் திரை வந்த பின்னரும் அந்தப் பழக்கம் பல பெட்டிகளில் அப்படியே தங்கிவிட்டது. ஆகவே கணினியில் எதையும் மாற்றாமல், தொலைக்காட்சியின் றிமோட்டை எடுத்து, படத்தின் அளவு பற்றிய பகுதிக்குச் செல்லுங்கள். எல்.ஜி. பெட்டிகளில் அது ‘ஜஸ்ட் ஸ்கான்’ என்றும், சம்சுங் பெட்டிகளில் ‘ஸ்கிறீன் ஃபிற்’ என்றும், சொனியில் ‘ஃபுல் பிக்செல்’ என்றும் பெயர்பெறும். வேறு பெட்டியானால், 16:9 என்று இருப்பதை விட்டுவிட்டு மற்றத் தெரிவுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். மணிக்கூடு முழுதாகத் தெரியும் தெரிவே உங்களுக்கு வேண்டியது. சில பெட்டிகளில், கேபிள் மாட்டியிருக்கும் எச்.டி.எம்.ஐ. வாசலின் பெயரைப் ‘பீ.சீ.’ என்று மாற்றினாலே போதும். வெட்டுவதும் தேவையற்ற மெருகூட்டலும் தாமாகவே நின்றுவிடும்.

மங்கலுக்கு வேறு காரணம் இருக்கிறது, அதை நீங்களே உங்கள் கடைசி வரியில் சொல்லிவிட்டீர்கள். இரண்டு திரையிலும் ஒரே படத்தைக் காட்டும்போது, கணினி இரண்டுக்கும் பொதுவான ஓர் அளவைத்தான் அனுப்பும். பெரும்பாலும் அது சிறிய திரையின் 1366 × 768 ஆகிவிடும். அதைத் தொலைக்காட்சி 1920 × 1080 ஆக இழுக்கிறது. கணித ஆசிரியருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை: 1366 புள்ளிகளை 1920 புள்ளிகளில் பரப்பினால் விகிதம் முழு எண்ணாக வராது, ஆகவே ஒரு கோடு பக்கத்துப் புள்ளிகளிலும் கசிந்து நிற்கும். விண்டோஸ் சாவியையும் ‘பி’ (P) எழுத்தையும் ஒன்றாக அழுத்தி, வரும் நான்கு தெரிவுகளில் கடைசியான ‘செக்கண்ட் ஸ்கிறீன் ஒன்லி’ என்பதைத் தெரிவுசெய்யுங்கள். மடிக்கணினித் திரை அணைந்துவிடும், பயப்பட வேண்டாம். அதன்பின் திரை அமைப்பில் 1920 × 1080 என்று இருக்கிறதா என்று பாருங்கள். எழுத்தைச் சுற்றி வெள்ளை விளிம்பு தெரிந்தால், தொலைக்காட்சியின் ‘ஷார்ப்னெஸ்’ அளவை அந்த விளிம்பு மறையும்வரை குறையுங்கள்.

இணுவில் வாசகர்:

கேபிளே இல்லாமல், விண்டோஸ் சாவியையும் ‘கே’ எழுத்தையும் அழுத்திக் கம்பியின்றி இணைக்கும் வழியும் இருக்கிறதே? நான் என் வீட்டில் அப்படித்தான் பார்க்கிறேன்.

திருத்தகம்:

இருக்கிறது, தொலைக்காட்சியும் அந்த வசதியைக் கொண்டதாக இருந்தால். ஆனால் படம் சற்றுப் பிந்தி வரும். வைஃபை நெரிசலானால் இடையிடையே உறைந்தும் நிற்கும். தேர் இருப்பிடம் வரும் நேரத்தில் படம் நின்றால் அம்மா யாரைத் திட்டுவார் என்று நினைக்கிறீர்கள்? கேபிள் கைவசம் இருக்கும்போது அதுவே நல்லது.

கொக்குவில் வாத்தியார்:

தம்பிமார் இருவருக்கும் மிக்க நன்றி. மணிக்கூடு முழுதாகத் தெரிகிறது, எழுத்தும் தெளிவாகிவிட்டது, சத்தமும் தொலைக்காட்சியிலிருந்து வருகிறது. இன்னும் ஒரு சந்தேகம். சார்ஜர் மாட்டியிருக்கும்போது மடிக்கணினியின் உலோக விளிம்பைத் தொட்டால் விரல் கூசுவதுபோல் இருக்கிறது. கேபிளை மாட்டும்போது ஒருமுறை சிறு பொறியும் கண்டேன். இது ஆபத்தா?

திருத்தகம்:

உங்கள் சார்ஜரின் பிளக்கில் மூன்று முள் இருந்தும், அதை இரண்டு முள் அடப்டரில் மாட்டியிருக்கிறீர்களா என்று பாருங்கள். நிலத்தொடுப்பு (எர்த்) இல்லாதபோது அந்தக் கூச்சம் வரும். மின்னோட்டம் மிகச் சிறியது என்றாலும், எச்.டி.எம்.ஐ. வாசலைப் பழுதாக்கப் போதுமானது. நிலத்தொடுப்புள்ள மூன்று முள் செருகியில் நேரடியாக மாட்டுங்கள், கேபிளைப் பொருத்தும்போது இரண்டு பெட்டிகளின் மின்சாரத்தையும் நிறுத்திவிடுங்கள். அப்படி மாற்றியும் கூச்சம் நிற்காவிட்டால், வீட்டு வயரிங்கை மின்னியலாளர் ஒருவரிடம் காட்டத்தான் வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் இடிமின்னல் தொடங்கினால், அன்ரனா வயரோடு சேர்த்து எச்.டி.எம்.ஐ. கேபிளையும் கழற்றி வையுங்கள். அன்ரனா வழியே வருவது தொலைக்காட்சியோடு நில்லாமல் எச்.டி.எம்.ஐ. கேபிள் வழியாகக் கணினிக்கும் போகும்.