தமிழ்க் குடும்பத்துக்குத் தமிழ் வேர்க்கர்தான் வரவேணுமா?

வன்னிக்காற்று (ஸ்கார்புரோ):
வணக்கம் எல்லாருக்கும். நான் இங்க கனடாவுக்குப் புதுசா வாற குடும்பங்களுக்கு உதவி செய்யிற செட்டில்மென்ட் வேலை, 12 வருசமாச்சு. போன மாதம் நடந்த ஒண்டு மனசை விட்டுப் போகுதில்லை, அதான் எழுதுறன்.

ஒரு தாய், ரெண்டு பிள்ளையள். மூத்தவன் பள்ளிக்கூடத்தில டீச்சரிட்ட "அம்மா என்ர காலை முறிச்சு அடுப்புக்குள்ள வைப்பன் எண்டு சொன்னவ" எண்டு சொல்லியிருக்கிறான். டீச்சர் சில்ட்ரன்ஸ் எய்டுக்கு, அதான் சிறுவர் பாதுகாப்பு அமைப்புக்கு, போன் பண்ணிட்டா. அது அவவின்ட கடமை, ஒன்டாரியோ சட்டம் அப்பிடி, அதில எனக்குக் குறை இல்லை. விசாரிக்க அங்கயிருந்து வந்த வேர்க்கர் ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை, நல்ல பிள்ளை, மரியாதையாத்தான் கதைச்சது. தமிழுக்கு போனில ஒரு இன்டர்பிரெட்டர். அவர் ஒரு சொல்லு மாறாமல் அப்பிடியே இங்கிலீசில சொல்லிப்போட்டார். பைலில என்ன ஏறினது தெரியுமோ, தாய் பிள்ளையின்ட காலை உடைச்சு எரிக்கிறதா மிரட்டினவ எண்டு. எங்கட அம்மம்மாமார் ஒரு நாளைக்கு நாலு தரம் சொல்லுற சொல்லு அது.

அது மட்டுமில்லை. கதவைத் தட்டின உடன தாய் சின்னவளை பாத்ரூமுக்குள்ள தள்ளிப் பூட்டிப்போட்டா. அவ 2009 மே வரைக்கும் வன்னிக்குள்ள இருந்தவ. சண்டைக்குப் பிள்ளை பிடிக்க வருகினம் எண்டா அங்க என்ன அர்த்தம் எண்டு எங்களுக்குத் தெரியும், பதுங்கு குழிக்குள்ள பிள்ளையளை ஒளிச்சு வச்ச சனம் நாங்கள். வந்த வேர்க்கருக்கு அது விளங்குமோ? "பிள்ளையை மறைச்சா" எண்டு அதுவும் பைலில ஏறிட்டுது.

டொரொன்டோவில கத்தோலிக்கருக்கு தனியா சிறுவர் பாதுகாப்பு அமைப்பு இருக்கு, யூதருக்கு இருக்கு, பூர்வகுடி ஆக்களுக்கு இருக்கு. இவ்வளவு தமிழ்ச்சனம் இருக்கிற இடத்தில எங்களுக்கு ஏன் இல்லை? அதுக்கு நாள் எடுக்கும் எண்டால், தமிழ்க் குடும்பத்துக்குத் தமிழ் வேர்க்கர் எண்டாவது ஒரு ஒழுங்கு வரவேணும். இதுதான் என்ர வாதம்.

கோவைக்காரி (பிராம்ப்டன்):
அக்கா, நானும் இதே துறைதான், சிறுவர் பாதுகாப்புல 9 வருஷமா இருக்கேன். நீங்க சொன்ன பாத்ரூம் விஷயம் படிக்கிறப்ப கண்ணு கலங்கிருச்சு, அதை நான் மறுக்கவே மாட்டேன். ஆனா உங்க முடிவோட எனக்கு உடன்பாடு இல்லைங்க.

லண்டன்ல விக்டோரியா கிளிம்பியேன்னு ஒரு குழந்தை, ஐவரி கோஸ்ட்ல இருந்து வந்த புள்ள, எட்டே வயசு, 2000 பிப்ரவரியில செத்துப்போச்சு. கூட்டிட்டு வந்த பாட்டி முறை சொந்தக்காரியும் அவளோட ஆளும் சேர்ந்து சித்திரவதை பண்ணியிருக்காங்க, உடம்புல 128 காயம். அந்தப் புள்ள அவங்க முன்னாடி விறைச்சுப்போய் அட்டென்ஷன்ல நிக்குமாம். கேஸைப் பார்த்த சோஷியல் வொர்க்கரும் கறுப்பினப் பெண்தான். அவங்க அதை பயம்னு எடுத்துக்கல, ஆப்ரோ கரீபியன், அதாவது கரீபியன் தீவு வழி வந்த கறுப்பினக் குடும்பங்கள்ல பெரியவங்ககிட்ட காட்டுற மரியாதைன்னு எடுத்துக்கிட்டாங்க. 2003-ல வந்த லார்ட் லேமிங் விசாரணை அறிக்கையில இது இருக்கு. நம்ம பண்பாடு எனக்குத் தெரியும்ங்கிற நம்பிக்கையே சில நேரம் கண்ணை மறைச்சிடுதுங்க.

இன்னொண்ணு கேக்கணும், தப்பா எடுத்துக்காதீங்க. காலை முறிப்பேன்னு சொன்னது பேச்சு வழக்குதான், ஒத்துக்கறேன். அந்தப் பையன் மேல காயம் இருந்துச்சா? அதைப் பத்தி நீங்க எழுதவே இல்லையே.

வன்னிக்காற்று:
தங்கச்சி, நீங்கள் சொன்ன அந்த லண்டன் கதை என்ர பக்கத்துக்குத்தான் சாட்சி சொல்லுது. ஐவரி கோஸ்டில இருந்து வந்த பிரெஞ்சு கதைக்கிற பிள்ளையை, ஆப்ரோ கரீபியன் குடும்பத்து வழக்கம் எண்டு பாத்ததுதானே பிழை? ரெண்டு பேரும் கறுப்பு எண்டால் ரெண்டு பேரும் ஒண்டு எண்டு நினைச்சினம். நான் தோல் நிறத்தைக் கேக்கேல்ல, பாஷையைக் கேக்கிறன், என்ன பட்டு வந்தவை எண்டு தெரிஞ்ச ஆளைக் கேக்கிறன். அது வேற, இது வேற.

கோவைக்காரி:
சரிங்க அக்கா, பாஷைன்னே வச்சுக்குவோம். நான் தமிழச்சிதானே? ஸ்கார்புரோவுல ஒரு யாழ்ப்பாணத்து வீட்டுக்குப் போனேன். நான் வாயைத் திறந்ததுமே "நீங்கள் இந்தியாவோ"ன்னு கேட்டாங்க, அதோட பேச்சு சுருங்கிருச்சு. சரின்னு அடுத்த தடவை ஈழத் தமிழ் பேசற இன்டர்பிரெட்டர் அம்மாவை ஏற்பாடு பண்ணோம். உள்ளே நுழைஞ்சதும் அந்த வீட்டு மாமியார் கேட்ட முதல் கேள்வி "பிள்ளை எந்த ஊர்?". ஊர் கேட்டா எதுக்குக் கேக்கறாங்கன்னு உங்களுக்குத் தெரியும், ஊர்ல ஆரம்பிச்சு சாதியிலதான் போய் நிக்கும். பதில் வந்த நிமிஷத்துல இருந்து மருமகப் பொண்ணு வாயே திறக்கல, அவதான் அடி வாங்கினவ. ஒரே பாஷைதான், ஒரே நாடுதான், அப்படியும் கதவு சாத்திக்கிச்சு. தமிழ்க் குடும்பத்துக்குத் தமிழ் வொர்க்கர்னு விதி போட்டா, எந்தத் தமிழ்னு அடுத்த கேள்வி வரும், அதுக்கு உங்ககிட்ட என்ன பதில் இருக்கு?

நெடுந்தீவான் (மார்க்கம்):
இதுக்குள்ள ஏன் சாதியை இழுக்கிறியள் எண்டு கேக்க வந்தனான், ஆனா யோசிச்சுப் பாத்தா உண்மைதான், அது இங்கயும் விசா எடுத்துக்கொண்டு வந்திட்டுது. இருந்தாலும் நான் வன்னிக்காற்று தங்கச்சி பக்கம்தான். இந்த நாட்டில சிறுவர் பாதுகாப்பு எல்லாருக்கும் ஒரே மாதிரி வேலை செய்யேல்ல. ஒன்டாரியோ மனித உரிமை ஆணைக்குழு 2018 இல ஒரு அறிக்கை விட்டது. சனத்தொகைக் கணக்குக்கு எடுத்துப் பாத்தா, கறுப்பினப் பிள்ளையளை 2.2 மடங்கு கூடவும் பூர்வகுடிப் பிள்ளையளை 2.6 மடங்கு கூடவும் வீட்டை விட்டு எடுத்திருக்கினம். 50, 60 களில தொடங்கி 80 கள் வரை பூர்வகுடிப் பிள்ளையளை அள்ளிக்கொண்டு போய் வெள்ளைக் குடும்பங்களிட்டக் குடுத்தவை, சிக்ஸ்டீஸ் ஸ்கூப் எண்டு சொல்லுறது. அந்தச் சனம் விடாமல் போராடித்தான் 2019 இல தங்கட பிள்ளையளின்ட விசயத்தைத் தாங்களே பாக்கிற சட்டம் வந்தது, 2024 பெப்ரவரியில உச்ச நீதிமன்றமும் அது செல்லும் எண்டு சொல்லிப்போட்டுது. தங்கட கையில எடுத்தாப் பிறகுதான் கொஞ்சமாவது மாறுது. நாங்களும் கேட்டாத்தான் கிடைக்கும்.

கோவைக்காரி:
ஐயா, மன்னிக்கணும், இதுல மட்டும் நான் கடுமையா மறுக்கறேன். பூர்வகுடி மக்களோட உரிமை, இது அவங்க மண்ணுங்கிறதுல இருந்து வருது. அவங்களை அவங்களே ஆளற உரிமை பத்தினது அது. ரெசிடென்ஷியல் ஸ்கூல்னு விடுதிப் பள்ளிக்கூடம் வச்சு தலைமுறை தலைமுறையா பிள்ளைங்களைப் பிடுங்கி பாஷையையே அழிச்சாங்க. கறுப்பினக் குடும்பங்க கதை அடிமை முறை, போலீஸ்னு இன்னொரு நீளக் கதை. நாம குடியேறி வந்தவங்க, நமக்கும் வலி இருக்கு, அது வேற வலி. அவங்க நம்பரை எடுத்து நம்ம வாதத்துக்கு முட்டுக் குடுக்கறது நியாயமில்லைங்க. எல்லாரையும் "எத்னிக்"னு ஒரே மூட்டையா கட்டறதுதான் இந்தத் துறையோட பழைய வியாதி, அதையே நாமளும் செய்யலாமா?

நெடுந்தீவான்:
மூட்டை கட்டேல்ல தங்கச்சி. அவை பட்டதும் நாங்கள் பட்டதும் ஒண்டு எண்டு சொல்ல வரேல்ல. ஆனா நீங்கள் சொல்லுறதில ஞாயம் இருக்கு, அந்தக் கணக்கை நான் இந்த இடத்தில கொண்டு வந்திருக்கக் கூடாது.

ஈஸ்ட்ஹாம் குமரன் (லண்டன்):
நான் இன்டர்பிரெட்டர். 15 வருசமா ஆஸ்பத்திரி, கோர்ட், சோசல் சேர்விஸ் எல்லாம் போறனான், அதால அந்த போன் ஆளுக்காக ரெண்டு வார்த்தை. சொன்னதை அப்பிடியே சொல்லு, கூட்டாதை, குறைக்காதை, இதுதான் எங்களுக்குச் சொல்லித் தாற முதல் பாடம். அது பிழையான பாடம் இல்லை. ஒருக்கா ஒரு புருசன்காரன் மனிசியை வெட்டுவன் எண்டு சொன்னதை, கூட வந்த சொந்தக்காரர் "கோபத்தில ஏதோ சொல்லுறார்" எண்டு மொழிபெயர்த்ததை இந்தக் காதால கேட்டனான். அண்டைக்கு நான் அப்பிடியே சொல்லாட்டி அந்தப் பொம்பிளையின்ட கதி என்ன?

ஆனா அதுக்கு மேல ஒண்டு செய்யலாம். "இது ஒரு சொல் வழக்கு, என்ன கருத்தில சொன்னவ எண்டு அவவையே கேளுங்கோ" எண்டு வேர்க்கருக்குச் சொல்லலாம். தாய்க்கும் "நான் இப்ப இதைத்தான் சொன்னனான்" எண்டு தமிழில சொல்லிப் போடவேணும், ஒளிவுமறைவு இருக்கக் கூடாது. போனில நிமிசக் கணக்கு ஓடேக்க, மற்றப் பக்கம் தாய் அழுறது கூட சரியாக் கேக்காத நேரத்தில, அதை எத்தினை பேர் செய்வினம்? நேர போனால் முகம் தெரியும், அதைத்தான் முதலில கேக்கவேணும்.

கோவைக்காரி தங்கச்சி சொன்ன லேமிங் அறிக்கையிலயே இருக்கு, பிள்ளையின்ட முதல் மொழி இங்கிலீஷ் இல்லாட்டி இன்டர்பிரெட்டர் வைக்கவேணும், வைக்காட்டி ஏன் வைக்கேல்ல எண்டு பைலில எழுதவேணும் எண்டு. அப்பிடி இருந்தும் ஒருக்கா நான் பிந்திப் போன இடத்தில, 11 வயசுப் பெட்டைப் பிள்ளை தாய்க்கு மொழிபெயர்த்துக்கொண்டு நிண்டது. "அப்பா உங்களுக்கு அடிக்கிறவரோ எண்டு கேக்கினம் அம்மா." தாய் நிலத்தைப் பாத்துக்கொண்டு "இல்லையெண்டு சொல்லு" எண்டா. அந்தப் பிள்ளை ஒருக்காத் தாயைப் பாத்து, ஒருக்கா வேர்க்கரைப் பாத்து, "நோ" எண்டது. அந்த "நோ" இப்பவும் என்ர காதில நிக்குது.

மால்வெர்ன் பெட்டை:
நான் இங்க பிறந்தவள், தமிழ் எழுதினா பிழை வரும், ஆனா இதைத் தமிழிலதான் எழுத வேணும் போல இருக்கு. நீங்கள் எல்லாரும் வேர்க்கர் பக்கத்தில இருந்து கதைக்கிறீங்கள், நான் மற்றப் பக்கத்தில இருந்தவள். எனக்கு 14 வயசில சில்ட்ரன்ஸ் எய்ட் வீட்டுக்கு வந்தது. எங்களுக்கு வசதியா இருக்கட்டும் எண்டு ஒரு தமிழ் வேர்க்கரைத்தான் அனுப்பினவை. அவ வந்து சப்பாத்தைக் கழட்டி வச்சிட்டு அப்பாவைப் பாத்து "அண்ணை, உங்களைக் கோயிலில கண்டிருக்கிறன்" எண்டா. அப்பா சிரிச்சார். அம்மா பால் தேத்தண்ணி போட்டுக் குடுத்தவ, அவ குடிச்சா. அந்தக் கப் மேசையில வச்ச சத்தத்தோட எனக்குத் தெரிஞ்சிட்டுது, நான் இண்டைக்கு ஒண்டும் சொல்லப் போறேல்ல எண்டு. அவ கூடாத ஆள் இல்லை. ஆனா அடுத்த வெள்ளி கோயிலில அவ அம்மாக்குப் பக்கத்தில நிப்பா, எனக்கு அது போதும்.

ஆறு மாசத்துக்குப் பிறகு பள்ளிக்கூடத்தில இருந்து திருப்பி போன் கோல் போச்சு. இந்த முறை ஜமெய்க்கன் வேர்க்கர் ஒருத்தி. அவவுக்கு எங்களைப் பற்றி ஒண்டுமே தெரியாது, அதை நேரயே சொன்னா. "எனக்கு உங்கட வீட்டைப் பற்றித் தெரியாது, நீதான் சொல்லித் தரவேணும், நான் பிழையா விளங்கினா என்னைத் திருத்து" எண்டா. கார்ல இருந்து ஒரு மணித்தியாலம் கதைச்சன். எல்லாத்தையும் சொன்னன். முதல் முறையே யாராவது "உனக்கு யார் வேணும்" எண்டு கேட்டிருந்தா அந்த ஆறு மாசம் எனக்கு இருந்திருக்காது.

கோவைக்காரி:
தங்கச்சி, இதை எழுதினதுக்கு உங்களுக்கு ரொம்ப நன்றி. 2018-ல நடைமுறைக்கு வந்த ஒன்டாரியோவோட புதுச் சட்டத்துல குழந்தையோட இனம், பூர்வீகம், மொழி எல்லாத்தையும் கணக்குல எடுக்கணும்னு இருக்கு, அதே சட்டத்துல குழந்தையோட பேச்சைக் கேக்கணும்னும் இருக்கு. முதல் பாதியைப் பிடிச்சுக்கிட்டு ரெண்டாவது பாதியை விட்டுடறோம். உங்களுக்கு நடந்தது அதுதான்.

வன்னிக்காற்று அக்கா, நான் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லல.

வன்னிக்காற்று:
ரெண்டு நாளா இந்தப் பக்கம் வரேல்ல. வாசிச்சன், எல்லாத்தையும், மால்வெர்ன் பிள்ளை எழுதினதை மூண்டு தரம்.

காயம் இருந்தது. தொடையில, அகப்பைக் காம்பால அடிச்ச தழும்பு, ரெண்டு. தாய் என்னட்ட அழுது சொன்னவ. முதல் பதிவில நான் அதை எழுதேல்ல. எழுதினா நீங்கள் எல்லாரும் அவவைத்தான் பாப்பியள், அவ பட்டதைப் பாக்க மாட்டியள் எண்டு பயந்தன். மறைச்சது பிழைதான்.

கோவைக்காரி:
நீங்க சொன்னது பெரிய விஷயம் அக்கா. 2004-ல உச்ச நீதிமன்றம் தெளிவா சொல்லியிருக்கு, 2 வயசுக்குக் கீழயும் 12-க்கு மேலயும் அடிக்கவே கூடாது, எந்தப் பொருளாலயும் அடிக்கக் கூடாது, தலையில அடிக்கக் கூடாதுன்னு. அகப்பையும் பொருள்தான். அடுப்புல வைப்பேன்னு சொன்னதைப் பைலில தப்பா எழுதிட்டாங்கன்னு நீங்க சண்டை போடுங்க, நானும் கூட வர்றேன். அகப்பைத் தழும்பை அந்தச் சண்டையில காணாமப் போக விடக்கூடாது.

வன்னிக்காற்று:
விடேல்ல. வாற வியாழன் திரும்ப வருகினம். நேர வாற இன்டர்பிரெட்டர் வேணும் எண்டு எழுத்தில குடுத்திருக்கிறன், வன்னிக் கதையையும் தாய் சம்மதிச்ச அளவுக்கு எழுதிக் குடுத்திருக்கிறன். பெடியனைத் தனியக் கூப்பிட்டுக் கதைக்கச் சொல்லியும் கேட்டிருக்கிறன். ஆனா ஒண்டு, தமிழ் வேர்க்கர் வேணும் எண்டதில நான் இப்பவும் மாறேல்ல. அந்தத் தழும்பையும் அந்தப் பாத்ரூம் கதவையும் ஒரே நாளில ஒரே கண்ணால பாக்கக்கூடின ஆள் எங்களுக்கு வேணும், அப்பிடி ஆக்களை நாங்கள் படிப்பிச்சு அனுப்பவேணும்.

மால்வெர்ன் பெட்டை:
அக்கா, வியாழன் அவனைத் தமிழில கதைக்கிறதோ இங்கிலீஷில கதைக்கிறதோ எண்டு முதல்ல அவனிட்டக் கேக்கச் சொல்லுங்கோ. நான் இங்கிலீஷ் எண்டுதான் சொல்லியிருப்பன். வீட்டில அடி விழேக்க கேட்ட பாஷையில எனக்கு அதைச் சொல்ல வாய் வரேல்ல.