யானைக்கு 2 ரூபாய், ஆட்டுக்கு 1 அணா: பழைய பம்பாயில் கொண்டி மாடு

மாட்டுங்காவாசி:
ரோட்டில் திரியும் மாட்டை 1871 கால்நடை அத்துமீறல் சட்டப்படி பவுண்டில் (பிடிபட்ட மாட்டை அடைக்கும் பட்டியில்) அடைப்பார்கள் இல்லையா? பழைய பம்பாயில் எவ்வளவு கட்டினால் விடுவார்கள்? கட்டாவிட்டால்? நாய்க்கும் இதே சட்டம்தானா?

தாராவி_வக்கீல்:
சார், ராஜதானி நகரங்களை (கல்கத்தா, மதராஸ், பம்பாய்) அந்தச் சட்டத்தின் முதல் பிரிவே விலக்கிவிட்டது. ஆகவே பம்பாய்த் தீவுக்குள் அந்தச் சட்டம் செல்லாது. மாஹிம் கழிமுகத்தைத் தாண்டி, அப்போது தாணா ஜில்லாவில் இருந்த பாந்த்ரா, குர்லா பக்கம்தான் செல்லும். அங்கே பவுண்டை ‘கோண்ட்வாடா’ என்பார்கள்.

தண்டம் தலைக்கு: யானை 2 ரூபாய், ஒட்டகம், எருமை 8 அணா, குதிரை, காளை, பசு 4 அணா, கன்று, கழுதை, பன்றி 2 அணா, ஆடு 1 அணா. தீவனம், தண்ணீர்க் கூலி தனி. அதை நிர்ணயிப்பவர் ஜில்லா மாஜிஸ்ட்ரேட். இரண்டு விகிதமும் பவுண்டு வாசலில் எழுதி மாட்டியிருக்க வேண்டும். 1921-க்குப் பிறகு தண்டத்தை மாகாண அரசே அறிவிக்கலாம் என்று மாற்றிவிட்டார்கள்.

பிடித்த நாள், நேரம், அடையாளம், கொண்டுவந்தவர் பெயர் எல்லாம் பதிவேட்டில் ஏறும். 7 நாளில் யாரும் வராவிட்டால் போலீசுக்குத் தகவல், பக்கத்துக் கிராமத்திலும் சந்தையிலும் தண்டோரா. இன்னும் 7 நாள் பார்த்துவிட்டு ஏலம்.

குர்லா_கோபால்:
சிக்கலே தீவனக் கூலியில்தான். தண்டம் ஒரே தடவை. கூலி தினமும் ஏறும். தாமதித்தால் தண்டத்தை மிஞ்சிவிடும். அதற்காக வழியில் மறித்து மாட்டை ஓட்டிக்கொண்டு போனால் 6 மாதம் சிறை அல்லது 500 ரூபாய் வரை அபராதம். அநியாயமாகப் பிடித்திருந்தால் 10 நாளுக்குள் மாஜிஸ்ட்ரேட்டிடம் புகார் கொடுப்பதே வழி. ஏலத்தில் பவுண்டு காப்பாளரே மாட்டை எடுக்கக்கூடாது என்று 19-ஆம் பிரிவு சொல்கிறது. எழுதியவருக்கு ஆட்களைத் தெரிந்திருக்கிறது!

கோட்டை_மணி:
‘கால்நடை’ விளக்கத்தில் யானையும் பன்றியும் உண்டு, நாய் இல்லை. பம்பாயில் தெருநாய்களைக் கொல்வது அதற்கு முன்பே போலீஸ் உத்தரவாக இருந்தது. தலைக்கு 8 அணா வெகுமதி என்றதும் வீட்டு நாயையும் விடாமல் பிடித்தார்கள். பார்சிகளுக்கோ நாய் இல்லாமல் இறுதிச் சடங்கே கிடையாது. சடலத்தைப் பார்க்க நாயைக் கொண்டுவர வேண்டும். 1832 ஜூன் 6-ஆம் தேதி கலவரம் வெடித்தது. கடைகளை அடைத்து, கொலாபா பட்டாளத்துக்குப் போகிற சாப்பாட்டையும் நிறுத்தினார்கள். இந்துக்களும் ஜைனர்களும் சேர்ந்துகொண்டார்கள். 1834-இல் பம்பாய் புலேஷ்வரில் பாஞ்ச்ராபோல் என்ற விலங்குகள் காப்பகம் வந்தது. பார்சி வணிகர் ஜம்ஷெட்ஜி ஜீஜீபாயின் பங்கு அதில் பெரிது.